கப்பி இல்லாத வில்

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் இரண்டு, அம்பு பட்டு விழுந்தவை. ஒத்தக்கடைப் பக்கம் படுத்திருக்கும் யானைமலை, சமணர்கள் ஏவிவிட்ட யானையாம். சோமசுந்தரக் கடவுளே வேடுவச் சேவகனாக வந்து எய்த அம்பில் சாய்ந்து கல்லாகிவிட்டதாம். மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை, அனந்தகுண பாண்டியன் எய்து வீழ்த்திய பாம்பு. திருவிளையாடற் புராணம் சொல்லும் கதைகள் இவை. மண்ணியல் படித்தவர்கள் வேறு கதை சொல்வார்கள், அது இருக்கட்டும். ஊர் மலைகளையே வில்லின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று சிறு வயதிலிருந்தே எனக்கு வியப்பு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வில்லைக் கொடியில் பொறித்தவன் சேரன், பாண்டியனுக்கு மீன்தான். மதுரை, சிவகங்கைச் சீமையில் பெயர்போன வேட்டைக் கருவியும் வில் அன்று, வளைந்த எறிதடியான வளரி. சின்ன மருதுதான் தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தார் என்று கம்பெனிப் படையின் கர்னல் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த வளரியை இன்று பார்க்கவேண்டுமானால் பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போகவேண்டும். வில் மட்டும் பெட்டிக்குள் அடங்கவில்லை. துப்பாக்கி வந்து அதன் போர்த்தொழிலைப் பறித்தது. சட்டம் வந்து இங்கே வேட்டைத்தொழிலையும் பறித்தது. உருளைகளும் குறிபார்க்கும் கண்ணாடிகளும் பூட்டிய புதுவகை வில் வந்தும் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அப்படியிருந்தும் ஒரு மூங்கில் பத்தையையும் ஒரு கயிற்றையும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது யானைமலைக்குப் பின்புறம், சீமைக்கருவேலம் சூழ்ந்த ஒரு பொட்டலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் அங்கே அம்பு விடக் கூடுகிறார்கள். பயிற்சி தரும் தம்பி என்னிடம் இரண்டு வில்களைக் கொடுத்தார். "அண்ணே, எதையும் விளக்கப்போவதில்லை. இரண்டையும் இழுத்துப் பாருங்கள், போதும்" என்றார்.

முதலாவது காம்பவுண்டு வில். இரு முனைகளிலும் உருளைகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிவடங்கள். இழுக்கத் தொடங்கியதும் தோள் திணறியது. பாதி தாண்டியதும் எதிரில் இழுத்துக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டதுபோல் பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. தாடை வரை இழுத்துவிட்டு அப்படியே நின்று ஊர்க்கதை பேசலாம். இரண்டாவது, மூங்கில் வில். இழுக்கத் தொடங்கும்போது விளையாட்டுச் சாமான்போல் இருந்தது. இழுக்க இழுக்கக் கனத்தது. நாண் கன்னத்தைத் தொட்டபோது கை நடுங்கியது. அந்த நடுக்கம் அப்படியே அம்பின் நுனிக்குப் போய், நுனி காற்றில் சுழிபோட்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிணற்றடியில் நின்றால் புரிந்துகொள்ளலாம். கிணற்றுக் கப்பியின் அச்சு நட்டநடுவில் இருக்கிறது. ஆகவே வாளி மேலே வரும் வரை பாரம் ஒரே மாதிரி. அச்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்திவிட்டால் கப்பி சுழலச் சுழல நெம்புகோலின் நீளம் மாறும். ஒரு கட்டத்தில் கனமும் மறு கட்டத்தில் லேசும் தெரியும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன், இந்தச் சூட்சுமத்தை வில்லின் முனைகளில் பூட்டி 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1969இல் அது கிடைத்தது. இன்றைய காம்பவுண்டு வில்லில் முழுதாக இழுத்த நிலையில் பாரம் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லைக் கையில் 12 பவுண்டாகப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குறி பார்க்கலாம்.

முழுதாக இழுத்து நிற்கிற கணம்தான் குறி பார்க்கிற கணம். மனம் அசையாமல் இருக்கவேண்டிய நேரம் அது. புது வில் அந்த நேரம் பார்த்துச் சுமையை இறக்கிவைக்கிறது; பழைய வில் அந்த நேரம் பார்த்துத்தான் முழுச் சுமையையும் ஏற்றுகிறது. உடம்பு உச்சத்தில் திணறும்போது மனம் மட்டும் சும்மா இருக்கவேண்டும். நல்ல பழக்கம் உள்ளவர்களும் இரண்டு மூன்று விநாடிக்குமேல் அப்படி நிற்பதில்லை. பழைய வில்லில் ஆசை வைத்தவர்கள் மரபு, இயற்கை, எளிமை என்று என்னென்னவோ காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர்களைக் கட்டிப்போடுவது அந்த இரண்டு மூன்று விநாடிதான்.

கணக்கைப் பாருங்கள். 40 பவுண்டு வில் என்றால் முழு இழுப்பில் 18 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். நாண் ஓய்வாக இருக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இழுக்கிறோம். பாரம் சுழியத்திலிருந்து சீராக ஏறுவதால், வில்லுக்குள் சேரும் ஆற்றல் சுமார் 45 ஜூல்; நாலரைக் கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற வேலை, அவ்வளவே. அதில் மூன்றில் இரண்டு பங்கு அம்புக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 30 கிராம் அம்பு ஒன்று விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மணிக்கு 160 கிலோமீட்டர். உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்கள் என்றைக்கோ ஒரு நாள் எட்டிப்பிடிக்கும் வேகம். ஒரு சிறு குடம் தண்ணீரை இடுப்பில் வைக்கிற உழைப்பைச் சேர்த்துவைத்து, கண் இமைப்பதற்குள் செலவழிக்கத் தெரிந்த கருவி வில். வெளியிலிருந்து வெடிமருந்து இல்லை, மின்சாரம் இல்லை. போட்டதைத்தான் திருப்பித் தரும், அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு.

"சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்" என்கிறது குறள். பகைவன் பேச்சில் வளைந்து கொடுத்தால் நம்பாதே, வில் வளைவதும் வணக்கம்போலத்தான் இருக்கும் என்கிறது. வளைவுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்த இயற்பியல் பாடநூலும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

நாணேற்றுவதும் இழுப்பதைப்போலவே ஒரு கலைதான். வில்லின் ஒரு முனையைக் காலடியில் ஊன்றி, தண்டை உடம்போடு அணைத்து வளைத்து, நாணின் கண்ணியை மறுமுனையில் குதை என்கிற வெட்டில் மாட்டவேண்டும். கொஞ்சம் கோணலாக அழுத்தினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். கை நழுவினால் முகத்தில் அடிக்கும். நான் இதைக் கற்றுக்கொண்டிருந்தபோது கம்பனின் பாட்டு ஒன்று புதிதாக விளங்கியது. மிதிலையில் இராமன் வில்லை எடுத்ததும் ஒடிந்ததும் எல்லோருக்கும் மனப்பாடம்: "எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்". அதற்கு முன்னால் இருக்கும் வரிகளை மேடைப் பேச்சாளர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். "தாளில் மடுத்ததும் நாண் நுதி வைத்ததும் நோக்கார்" என்கிறான் கம்பன். காலில் ஊன்றியது ஒன்று, நாணை நுனியில் மாட்டியது ஒன்று. அவையோர் பார்க்கத் தவறிய அந்த இரண்டும் அன்று காலை நான் வியர்த்து வழிந்து செய்துகொண்டிருந்தவை. வில்லை நாணேற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவன் இப்படி எழுதியிருக்க முடியாது.

அன்று எனக்கு நாண் ஒரு பரிசும் கொடுத்தது. இடது முன்கையின் உட்புறத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த தடிப்பு. இதைத் தடுக்கத்தான் தோல் காப்பு கட்டுகிறார்கள். பழந்தமிழில் அதற்குக் கோதை என்று பெயர். அந்தச் சொல்லுக்கே உடும்பு என்ற பொருளும் இருக்கிறது. எந்தத் தோலில் செய்தார்கள் என்பதை அகராதியே காட்டிக்கொடுக்கிறது.

மரவில்லின் உடல் அமைப்பு மனிதருக்குப் பழகிய சொற்களில்தான் இருக்கிறது: எய்கிறவனைப் பார்த்த பக்கம் வயிறு, அப்பால் இருப்பது முதுகு. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. முதுகில் ஒரு நார் அறுந்தாலும் விரிசல் ஓடிவிடும். மூங்கில் இதற்கென்றே படைத்ததுபோல் இருக்கும். அதன் நார்கள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன; உள்ளே போகப் போக அடர்த்தி குறைகிறது. ஆகவே பச்சைத்தோலைச் சீவாமல் முதுகாக வைத்து, உட்புறத்தை மட்டும் செதுக்குவார்கள். உள்ளே பொள்ளல் அதிகம் இல்லாத கல்மூங்கில் நல்லது. ஆங்கிலேயரின் நெடுவில் யூ மரத்தில் இதே வேலையைச் செய்தது. வெளிமரம் இழுவிசைக்கு, உள்மரம் அழுத்தத்துக்கு. துருக்கியரும் மங்கோலியரும் மரத்தோடு கொம்பையும் தசைநாரையும் ஒட்டிச் செய்த வில்கள் இரண்டையும் மிஞ்சியவை. ஆனால் அவை பசையை நம்பியவை. நம் ஐப்பசி மழைக்கு அந்தப் பசை இளகிவிடும். இந்தியாவில் எஃகிலேயே வில் அடித்ததற்கு அந்த ஈரமும் ஒரு காரணம்.

நாணுக்கு மரல். பாறை இடுக்குகளில் கத்திபோல் நிமிர்ந்து வளரும் இந்தச் செடியை மருள் என்றும் சொல்வார்கள். இலையை அடித்து நார் எடுத்துத் திரித்தால் ஈரத்துக்கு எளிதில் தளராத நாண் கிடைக்கும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவைக்கவேண்டும் என்பது கட்டாயம். வளைத்தபடியே ஆணியில் மாட்டிவைத்த மரவில், வளைவையே தன் இயல்பாக்கிக்கொண்டு வலுவை இழக்கும். கார்பன் இழைகளாலான வில்லுக்கு இந்தக் கவலை குறைவு. கவலை குறைவாக இருப்பதுதான் அதன் குறையோ என்று சில சமயம் நினைக்கிறேன். தினம் இரண்டு முறை கவனிக்கச் சொல்லும் பொருளோடு மனிதனுக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. சைக்கிள் துடைக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

குறிபார்க்கும் விதத்திலும் பழைய வில் தனிவழி போகிறது. அதில் ஊசியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. புளியமரத்தடியில் நிற்கும் சிறுவன் கல்லை எறியுமுன் தூரத்தை அளப்பதில்லை. பழத்தைப் பார்க்கிறான், கை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. பத்துக் கல்லில் ஒன்பது தப்பும், பத்தாவது விழும், பதினோராவதும் விழும். வில்லிலும் அதே கதை. அம்பு வில்லுக்கு நேராகவே போவதில்லை என்பதை நினைத்தால் இது இன்னும் விந்தை. வில்லின் தண்டு வழியை மறைத்து நிற்பதால், நாண் தள்ளும்போது அம்பு சாரைப்பாம்புபோல் நெளிந்து, தண்டைச் சுற்றி வளைந்து, பிறகுதான் நேராகிறது. அதிவேகக் கேமராக்கள் வந்தபிறகு எல்லோரும் இதைக் கண்ணால் கண்டார்கள். அம்பின் விறைப்பு வில்லின் வலுவுக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு நன்றாகக் குறிவைத்தாலும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். வேடர்கள் அம்பை விரலில் வளைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்.

இவ்வளவு நுட்பமான கருவி துப்பாக்கியிடம் தோற்றதற்கு அதன் வலுக்குறைவு காரணம் அன்று. தொடக்ககாலத் துப்பாக்கி ஒருமுறை வெடிப்பதற்குள் நல்ல வில்லாளி பல அம்புகளை விட்டுவிடுவான். ஆனால் துப்பாக்கிக்காரனைச் சில வாரங்களில் தயார் செய்யலாம். வில்லாளிக்குச் சிறு வயதிலிருந்தே தோள் பழகவேண்டும். விடுமுறை நாளில் ஆண்கள் வில் பழகவேண்டும் என்று இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு 1363இல் ஆணையே போடவேண்டியிருந்தது. 1545இல் மூழ்கி, 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. பலவற்றின் இழுப்பு 100 பவுண்டைத் தாண்டியது. நானோ நாற்பதுக்கே தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேட்டைக்கு வருவோம். மேலைநாடுகளில் பழைய வில்லின் மறுபிறப்புக்கு ஒரு தனிமனிதர் காரணம். 1911இல் கலிபோர்னியாவில், தன் யாகி இனத்தார் அனைவரையும் இழந்த ஒருவர் காட்டிலிருந்து வெளியே வந்தார். தன் பெயரைச் சொல்ல மறுத்தார். மனிதன் என்ற பொருளில் இஷி என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்ட அவரிடம் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் நண்பரானார். வில் செதுக்கவும், கல்லில் அம்புமுனை சீவவும், முயலின் அலறலை உதட்டால் எழுப்பி விலங்கை அருகில் வரவழைக்கவும் இஷியிடம் கற்றார். காசநோயால் 1916இல் இஷி இறந்தார். போப் 1923இல் வெளியிட்ட வில் வேட்டை நூல் அமெரிக்காவில் ஒரு தலைமுறையையே காட்டுக்கு அனுப்பியது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான்வேட்டைப் பருவத்தை அறிவித்தது. ஒரு இனத்தை அழித்தவர்களின் பிள்ளைகளுக்கு, அந்த இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதரின் கைவேலை பொழுதுபோக்கானது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது.

வில் வேட்டைக்காரர்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இருக்கிறது: துப்பாக்கி தூரத்திலிருந்து கொல்ல விடுகிறது, வில் அருகில் போகச் சொல்கிறது. பழைய வில்லோடு 20 மீட்டருக்குள் போகவேண்டும். காற்றின் திசை, காலடியில் சருகு, மூச்சு எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். எய்தபின்னும் உறுதியில்லை. 20 மீட்டரைக் கடக்க அம்புக்கு அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நாணின் ஓசை அதற்கு வெகு முன்பே மானின் காதுக்குப் போய்விடும். ஓசை கேட்டதும் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போகும். அல்லது படக்கூடாத இடத்தில் படும். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, குருதி வடியச் செய்து கொல்கிறது. சரியாகப் படாத விலங்கு காயத்தோடு நாள்கணக்கில் அலையும். பிரிட்டனில் வில் வேட்டைக்குத் தடை இருப்பது இதனால்தான். கொல்லிமலைத் தலைவன் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். கொடை வாங்க வந்த புலவரின் கணக்கு அது. அதை நம்பிக் காட்டுக்குப் போகவேண்டாம்.

போகவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, கண்ணி, வலையோடு வில்லும் அம்பும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. நம் பக்கத்துக் கிராமங்களில் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று முயல் விரட்டக் கிளம்பும் வழக்கம் இருந்தது. அதிலும் நாயும் கம்பும்தான், வில் இல்லை. இப்போது வனத்துறை தடுக்கிறது. கோயில் வழக்கம் என்று சிலர் வருந்துகிறார்கள். புன்செய்க் காடுகளில் மிஞ்சியிருக்கும் முயல்களின் நிலையைப் பார்த்தால், தடுப்பது சரி என்பதே என் எண்ணம்.

வேட்டை போனாலும் வில்லின் வசீகரம் குறையாததற்கு, அது முதலிலிருந்தே வேட்டைக்கு மட்டும் உரியதாக இல்லை என்பதே காரணம். நீலகிரியின் தோடர்கள் எருமை வளர்க்கிறவர்கள். வில்லால் வேட்டையாடுகிறவர்கள் அல்லர். ஆனால் கருவுற்ற ஏழாம் மாதம் மனைவிக்கு ஒரு சிறு வில்லும் அம்பும் கொடுப்பவனே பிறக்கும் குழந்தைக்கு முறைப்படி தந்தை. ராமநாதபுரத்தில் விஜயதசமியன்று மகர்நோன்புத் திடலுக்கு அம்மன் எழுந்தருளி அம்பு எய்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி, வில்யாழ் என்று வாசிக்கிறான். நெல்லை, குமரிப் பக்கத்து வில்லுப்பாட்டில் அதே வில் மணிகளைக் கட்டிக்கொண்டு குடத்தின்மேல் கிடக்கிறது. வீசுகோல் பட்டால் கதை சொல்கிறது. எய்வதற்கு வளைத்த கொம்பு, பாடவும் செய்யும் என்று எவனோ ஒருவன் நாணைத் தெறித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான்.

விளையாட்டிலும் மூங்கிலுக்கு இடம் இருக்கிறது. ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்ற பிரிவு மூங்கில் வில்லுக்கே உரியது. 30 மீட்டர், 50 மீட்டர் தூரங்களில் எய்வார்கள். பூட்டானில் சுமார் 140 மீட்டர் தள்ளி ஒரு சிறு பலகையை நட்டு எய்கிறார்கள். ஷில்லாங்கில் இலக்கில் தைத்த அம்புகளை எண்ணிப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒலிம்பிக் வகை வில் முழுச் சாமான்களோடு லட்சங்களில் விலை சொல்லும் நாட்டில், மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இந்த விளையாட்டுக்குள் நுழைய மூங்கிலைத் தவிர வேறு வாசல் எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை நான் விட்ட பன்னிரண்டு அம்புகளில் நான்கு பலகையில் தைத்தன. ஏழு முன்னும் பின்னும் மண்ணில் கிடந்தன. பன்னிரண்டாவது, கை நடுங்காமல் விட்டேன் என்று நானே நினைத்த ஒரே அம்பு, பலகைக்கு மேலே போய்ச் சீமைக்கருவேலத்துக்குள் விழுந்தது. "அதை விட்டுவிடலாமே, தம்பி?" என்றேன். அவர் சிரித்துவிட்டு வில்லின் நாணை இறக்கி, மரத்தில் சாய்த்து வைத்தார். "போன வாரம் மூன்று நாள் உட்கார்ந்து இழைத்த அம்பு, அண்ணே. வாருங்கள்" என்றார். முள்ளை விலக்கிக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து, இருவரும் தேடத் தொடங்கினோம்.